கூட்டுத் தொழிலில் உடன்பிறந்தவர்களுக்குள் பணத் தகராறு வராமலிருக்க

முதலில் ஒரு தாளில் ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள் வரையுங்கள்: குடும்பம், உரிமை, நிர்வாகம். ரெனாட்டோ தாகியூரியும் ஜான் டேவிஸும் 1978இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் வகுத்த முறை இது. ஒவ்வொருவர் பெயரையும் உரிய இடத்தில் எழுதுங்கள்; யார் பங்குதாரர், யார் வேலை பார்ப்பவர், யார் இரண்டும் என்பது தெரிந்துவிடும்.

வேலை பார்ப்பவருக்குச் சம்பளம். அந்த வேலைக்கு வெளியாளுக்கு என்ன கொடுப்பீர்களோ அதே தொகை. லாபம் மட்டும் பங்குரிமைப்படி. இரண்டையும் கலந்தால் உழைக்கும் தம்பிக்கும் எட்டிப் பார்க்காத அண்ணனுக்கும் ஒரே தொகை போகும். மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது.

கல்லாவிலிருந்து சொந்தச் செலவுக்கு எடுப்பதை அன்றே எடுத்தவர் கணக்கில் பற்றெழுதுங்கள், எடுப்பவர் அப்பாவாக இருந்தாலும் சரி. மாதம் ஒருமுறை கணக்கோடு உட்காருங்கள்; சாப்பாட்டு வேளையில் வேண்டவே வேண்டாம்.

விலகுபவரின் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது என்பதை உறவு நன்றாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்திடுங்கள். மதிப்பிட, எல்லோருக்கும் சம்மதமான வெளிக் கணக்காளர் ஒருவரையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.