குரிட்டிபாவில் பஸ், நடை, சைக்கிள்: புதியவர்கள் செய்யும் தவறுகள்

தென் பிரேசிலின் குரிட்டிபா நகரில் மெட்ரோ ரயில் கிடையாது. 1974 முதல் அந்த வேலையைத் தனித்தடத்தில் ஓடும் பஸ்கள்தான் செய்கின்றன. இவற்றைச் சாதாரண டவுன் பஸ் என்று நினைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

கண்ணாடிக் குழாய் போன்ற நிலையத்தை நிழற்குடை என்று நினைத்து வெளியே நிற்காதீர்கள். அங்கிருந்து பஸ் ஏற முடியாது. குழாயின் முனையில் படியேறி, கட்டணம் செலுத்தி, சுழல்கதவைத் தாண்டி உள்ளே காத்திருக்க வேண்டும். பஸ் நின்றதும் அதன் கதவருகிலிருந்து ஒரு பலகை குழாயின் தரைமேல் விழும். அது விழும் இடத்தில் கால் வைக்காமல் ஓரடி தள்ளி நில்லுங்கள். ரொக்கத்தை மட்டும் நம்பிப் போகவும் வேண்டாம். பல இடங்களில் அட்டைதான் செல்லும்.

காசைக் கரைக்கும் தவறு ஒன்று உண்டு. குழாய்க்குள்ளோ டெர்மினலுக்குள்ளோ பஸ் மாறினால் மறுகட்டணம் இல்லை. சுழல்கதவைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் பெரும்பாலும் மறுபடி கட்ட வேண்டியதுதான். எதிர்த்திசைக்கான குழாய் பெரும்பாலும் தனியாக இருக்கும். அதனால் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டால் பதறி அடுத்த குழாயில் இறங்காதீர்கள். டெர்மினல் வரை போய், வெளியேறாமல் அங்கேயே திரும்பும் பஸ்ஸைப் பிடியுங்கள்.

நிறம் பாராமல் ஏறுவதும் வம்பு. சிவப்பு பஸ் தன் தடத்திலுள்ள எல்லாக் குழாய்களிலும் நிற்கும். அதே தடத்தில் ஓடும் நீல பஸ் சிலவற்றில் மட்டுமே நிற்கும். ஆரஞ்சு பஸ் டெர்மினலிலிருந்து குடியிருப்புகளுக்குப் போவது. தெருவோர நிறுத்தத்தில் கையை நீட்டிக் காட்டாவிட்டால் அது நிற்காமல் போய்விடலாம்.

உயிருக்கே ஆபத்தான தவறு, 'கனலேத்தா' எனப்படும் பஸ் தடத்தில் சைக்கிள் ஓட்டுவது. நேராக, காலியாகக் கிடப்பதால் உள்ளூர்க்காரர்கள் பலரும் ஓட்டுகிறார்கள். அதைப் பார்த்துப் பின்தொடராதீர்கள். அது தடைசெய்யப்பட்டது. 25 மீட்டருக்கும் நீளமான பஸ்ஸால் சட்டென நிற்கவும் முடியாது, விலகவும் இடமில்லை. பூங்காக்களை இணைக்கும் சைக்கிள் பாதை சுற்றுவழிதான், ஆனாலும் அதிலேயே போங்கள்.

நடப்பவர்களுக்கும் அந்தத் தடத்தில் கவனம் தேவை. பிரேசிலில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், தமிழ்நாட்டில் பழகிய கண் முதலில் தவறான பக்கம் பார்க்கும். நடுத்தடத்திலோ இரு திசையிலும் பஸ் வரும். ஒரு பஸ் போனதும் இறங்கிவிடாமல் மறுபக்கமும் பாருங்கள்.

1972 முதல் நடப்பவர்களுக்கே விடப்பட்ட பதினைந்தாம் நவம்பர் தெருவில் அந்தக் கவலை இல்லை. ஆனால் கறுப்பு வெள்ளைச் சிறுகற்கள் பதித்த நடைபாதை மழையில் வழுக்கும். குரிட்டிபாவில் மழைக்குப் பஞ்சமில்லை. தேய்ந்த செருப்போடு இறங்காதீர்கள்.