காவல் நிலையத்தில் சமூகப் பணியாளர்: பாதிக்கப்பட்டவருக்கு உதவப்போய்ச் செய்யும் தவறுகள்

காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு அங்கே வந்து பேசுகிற எல்லோரும் போலீஸ்தான். சீருடை இல்லாமல், கழுத்தில் அடையாள அட்டையோடு, அதிகாரியின் மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு அமர்ந்தால் மஃப்டியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார். காவல்துறையோடு சேர்ந்து வேலை செய்யும் சமூகப் பணியாளர்களின் தவறுகளில் முக்கால்வாசி இந்தக் குழப்பத்தில்தான் முளைக்கின்றன. நீங்கள் யாருடைய ஆள் என்பது பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவதில்லை, அதிகாரிக்கும் தெரிவதில்லை. கொஞ்ச நாளில் உங்களுக்கே மங்கிவிடுகிறது.

விசாரணை அதிகாரி தேடுவது நடந்தது என்ன, செய்தது யார் என்பதை. நீங்கள் பார்க்க வேண்டியது இந்த மனிதர் இன்று இரவு எங்கே படுப்பார், காயத்துக்கு மருந்து போட்டாயிற்றா, நாளை காலை கதவைத் தட்டப்போவது யார் என்பதை. இரண்டும் ஒரே அறையில் நடக்கலாம். ஒரே நோட்டில் எழுதப்படக் கூடாது.

முதல் இரண்டு நிமிடம்

"எதுவா இருந்தாலும் தைரியமா சொல்லுங்க, இந்த ரூமைத் தாண்டாது." நல்ல மனதோடு சொல்லப்படும் இந்த வாக்கியம்தான் பின்னால் பெரிய சிக்கலைக் கொண்டுவருகிறது. தாண்டும். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால், ஒருவரின் உயிருக்கு உடனடி அச்சுறுத்தல் இருந்தால், நீதிமன்றம் சம்மன் அனுப்பினால் நீங்கள் வாய் திறந்தே ஆக வேண்டியிருக்கும். எதெல்லாம் கட்டாயம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் இடத்தின் பட்டியலை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "நான் போலீஸ் இல்லைங்க. கேஸை விசாரிக்கிறது அவங்க. ஆஸ்பத்திரி, தங்குற இடம், கோர்ட், இதுக்கெல்லாம் உங்ககூட நிக்கிறது என் வேலை. நீங்க சொல்றதை உங்க சம்மதம் இல்லாம அவங்ககிட்ட சொல்ல மாட்டேன். ஆனா சில விஷயத்துல மட்டும் சொல்லியே ஆகணும், அது என்னென்னன்னு முதல்லயே சொல்லிடறேன்." எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகு இதைச் சொன்னால் ஏமாற்றிவிட்டதாகத்தான் படும். சொல்லி முடித்ததும், என்ன புரிந்தது என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதிர்ச்சியில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

நாற்காலி விஷயம் அற்பமாகத் தோன்றும். ஆனால் அதிகாரி பக்கம் உட்காராமல் பாதிக்கப்பட்டவர் பக்கம், சற்றுச் சாய்வாக, வாசல் அவர் கண்ணில் படும்படி உட்கார்வதற்கு ஒரு காசும் செலவில்லை.

நீங்கள் விசாரிக்கக் கூடாது

சேர்ந்து வேலை செய்வதில் பெரிய ஆசை இதுதான்: அதிகாரியிடம் சொல்லத் தயங்குவதை நம்மிடம் சொல்கிறாரே, நாமே கேட்டு எழுதிக் கொடுத்துவிடலாமே. அதிகாரிகளும் "நீங்க பேசிப் பாருங்க மேடம், உங்ககிட்ட சொல்லுவாங்க" என்று ஊக்குவிப்பார்கள். அந்த உதவி வழக்கை உடைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சொல்லும் விதம் கொஞ்சம் மாறும். அது பொய்யல்ல, நினைவின் இயல்பு. கடும் பயத்தில் நடந்தவை வரிசையாகப் பதிவதில்லை. ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு துண்டுக் காட்சி தெளிவாக இருக்கும்; நேரமும் வரிசையும் கலங்கியிருக்கும். ஸ்டேஷனில் ஒருமுறை, உங்களிடம் ஒருமுறை, மருத்துவரிடம் ஒருமுறை என்று மூன்று பதிவுகள் உருவானால், அவற்றுக்கிடையிலான சின்ன வித்தியாசங்கள்தான் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் மூலதனம். உங்கள் நோட்டும் வரவழைக்கப்படலாம், நீங்களே சாட்சிக் கூண்டில் ஏறவும் நேரலாம்.

ஆகவே நடந்த சம்பவத்தைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். இப்போது வலி எங்கே? எப்போது நடந்தது, இன்றா, நேற்றா, அதற்கும் முன்பா? அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறான்? வீட்டில் வேறு யாருக்காவது ஆபத்து உண்டா? போதும். அவராகவே விரித்துச் சொன்னால் தடுக்காதீர்கள், தோண்டாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். "மாமா தொட்டாரா?" என்று கேட்டால் அந்தப் பெயரையும் செயலையும் கொடுத்தது நீங்கள்தான். பெரியவர் கேட்பதற்கு "ஆமாம்" என்பதுதான் பல குழந்தைகளின் பழக்கம். குழந்தைகளைப் பேட்டி காண உருவான நெறிமுறைகள் எல்லாமே "என்ன நடந்ததுன்னு சொல்லு", "அப்புறம்?" போன்ற திறந்த கேள்விகளின் மேல் நிற்பது இதனால்தான். அமெரிக்காவின் அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் நகரில் 1985-இல் தொடங்கிய குழந்தைகள் மையமும், ஐஸ்லாந்தில் 1998-இல் வந்த 'பார்னாஹுஸ்' என்ற குழந்தைகள் இல்லமும் எடுத்துக்கொண்ட வழி ஒன்றே: குழந்தை இடம் இடமாக அலையாமல் காவல்துறை, மருத்துவம், சமூகப் பணி எல்லாம் ஒரே கூரைக்கு வந்து, பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் கேட்பது. அப்படி ஒரு மையம் இல்லாத இடத்திலும், இன்று குழந்தையிடம் பேசப்போவது யார் என்று அதிகாரியோடு முன்கூட்டியே பேசித் தீர்மானிக்க முடியும்.

இதன் தம்பி இன்னொரு தவறு: புகாரை 'அழகாக' எழுதிக் கொடுப்பது. அவர் சொன்னது, "இருட்டிப்போச்சு, டி.வி.யில செய்தி ஓடிட்டிருந்துச்சு." எழுதுபவர் கை பழக்கத்தில் "மாலை சுமார் 6.30 மணியளவில்" என்று போட்டுவிடுகிறது. அந்தச் செய்தி எட்டு மணிச் செய்தி. பல மாதம் கழித்துக் கூண்டில் நிற்பவரிடம் கேள்வி வரும்: "ஆறரைன்னு எழுதினது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?" அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். கொச்சையாக இருந்தால் கொச்சையாக, வசவு வந்தால் அந்த வசவோடு. எழுதியதை நிதானமாகப் படித்துக் காட்டி, அவர் திருத்தச் சொன்ன இடங்களைத் திருத்திய பிறகே கையெழுத்து.

மொழி புரியாதவராக இருந்தால், உடன் வந்த கணவரையோ மகளையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். வீட்டுக்குள் நடந்த குற்றத்தில் அந்த மொழிபெயர்ப்பாளரே மிரட்டியவராக இருக்கக்கூடும்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்

"முதல்ல புகார் பதிவாகட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி போகலாம்." பாலியல் வன்முறையில் இந்த வரிசை தலைகீழ். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடைக்கு 120 மணி நேரம் வரை இடமுண்டு என்றாலும், பொதுவாகக் கிடைக்கும் மாத்திரைகளின் பலன் நேரம் போகப்போகக் குறையும். உடலிலிருந்து தடயம் எடுக்கும் கெடு பல இடங்களில் 72 மணி நேரம், சில இடங்களில் 120 அல்லது அதற்கு மேலும். ஏதோ கலந்து கொடுத்த சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு முதல் சிறுநீரே முக்கியம். கழிவறைக்குப் போகும் முன் சொல்லிவிட வேண்டும்.

துணிகளை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கும். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெடும். காகிதப் பை, ஒவ்வொரு துணிக்கும் தனிப் பை. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எத்தனை மணிக்கு என்பதை அதிகாரிதான் எழுத வேண்டும். உங்கள் கைப்பையில் ஒரு ராத்திரி இருந்த துணி தடயமாக நிற்பது கடினம். குளித்துவிட்டார், துவைத்துவிட்டார் என்றால் "ஐயோ" என்று சொல்லிவிடாதீர்கள். அதற்குப் பிறகும் தடயம் கிடைப்பதுண்டு, அந்த "ஐயோ" மட்டும் அவர் மனதைவிட்டுப் போகாது.

குடும்ப வன்முறையில் தவறாமல் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு, அதுதான் அதிகம் தவறிப்போகிறது: "கழுத்துல கை வெச்சாரா?" 'மூச்சை நெரித்தாரா' என்று கேட்டால் இல்லை என்பார்கள், "சும்மா குரல்வளையைப் பிடிச்சாரு" என்பார்கள். இரண்டும் ஒன்றே. அமெரிக்காவின் சான் டியாகோவில் காவல்துறைக்கு வந்த 300 கழுத்து நெரிப்பு வழக்குகளை ஆராய்ந்தபோது, பாதியில் வெளியே தெரியும் காயமே இல்லை. படமெடுக்கும் அளவுக்குத் தெளிவான காயம் சுமார் 15 சதவீதத்தில்தான். தடம் இல்லை என்று அதிகாரி 'சாதாரண அடிதடி' என எழுதிவிடுவது இப்படித்தான். குரல் கம்மல், விழுங்க முடியாமை, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், தன்னையறியாமல் சிறுநீர் போனது, நடுவில் கொஞ்ச நேரம் நினைவில்லை என்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் பக்கவாதம் சில நாள் கழித்துக்கூட வரலாம். முன்பு ஒருமுறை துணையால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னாளில் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தத் தகவல் அதிகாரியின் ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தில் ஏற வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவும் கைபேசி எண்ணும்

காவல் நிலையம், மருத்துவமனை, காப்பகம் எல்லோரும் இருக்கும் ஒரு குழு, அதில் பெயர், வயது, புகைப்படம், முகவரி. வசதிதான். அந்தக் குழுவில் இன்று யார் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாற்றலாகிப் போனவரின் போனில்கூட எல்லாம் கிடக்கும். குழுவில் வழக்கு எண் மட்டும் போடுங்கள், மற்றதைப் போனில் பேசுங்கள்.

சம்மதம் என்பது ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை. எந்தத் தகவல், யாருக்கு, எதற்காக, எந்தத் தேதி வரை என்ற நான்கும் படிவத்தில் இருக்க வேண்டும். உயிராபத்து அதிகமுள்ள வழக்குகளில் பல துறைகள் ஒன்றாக உட்கார்ந்து தகவல் பகிரும் கூட்டம் 2003-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. அங்கேயும் பகிர்வது பாதிக்கப்பட்டவரைப் பாதுகாக்கத் தேவையான அளவுக்குத்தான். அவருடைய சிறுவயதுக் கதையும் பழைய காதலும் அதில் வராது.

போன் செய்வதிலும் பிழை உண்டு. எடுப்பவர் குற்றம் செய்தவராகவே இருக்கலாம். பாதுகாப்பான எண் எது, எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லி வைப்பது, குறுஞ்செய்தி அனுப்பலாமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு கோப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதிகாரிக்கும் அதே பக்கத்தைக் காட்டுங்கள். நீங்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், ஸ்டேஷனிலிருந்து ஒருவர் "கேஸ் விஷயமா வரச் சொன்னாங்க" என்று வீட்டு எண்ணுக்கு அடித்தால் எல்லாம் போச்சு.

கொடுக்கக் கூடாத வாக்கு

"கண்டிப்பா உள்ளே தள்ளிடுவாங்க", "ஜாமீன் கிடைக்காது." இதெல்லாம் உங்கள் கையில் இல்லை. அதைவிட மோசம், ஜாமீனில் வந்துவிட்டான் என்பதை அவர் தெருமுனையில் பார்த்துத் தெரிந்துகொள்வது. பாதிக்கப்பட்டவருக்கு வழக்கின் போக்கைத் தெரிவிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1985 நவம்பர் 29-இல் ஏற்ற பிரகடனத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் அது விடுபடுவதற்குக் காரணம் எளிது: சொல்ல வேண்டியவர் யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. விடுதலைத் தகவல் வந்ததும் அழைப்பது அதிகாரியா நீங்களா, இரவானாலும் உண்டா, போன் கிடைக்காவிட்டால் நேரில் போவது யார், மூன்றுக்கும் பதில் தாளில் இருக்கட்டும். புகார் கொடுத்த பிறகும் பிரிந்து போன பிறகும்தான் ஆபத்து கூடும் என்பதால், பூட்டு மாற்றுவதும் மாற்றுத் தங்குமிடமும் அந்த அழைப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அதிகாரியோடு

ஒரு நல்ல அதிகாரியின் நட்பை மட்டும் நம்பி ஓடும் ஏற்பாடு அவருடைய மாற்றல் உத்தரவோடு முடிந்துவிடும். எந்தக் குற்றத்துக்கு உங்களை அழைப்பார்கள், எத்தனை நிமிடத்தில் நீங்கள் வந்தாக வேண்டும், இரவு ஷிஃப்டில் யார் என்பது எழுத்தில் இருக்கட்டும். சம்பவ இடம் என்றால், அதிகாரி பாதுகாப்பானது என்று சொல்லும்வரை உள்ளே போகாதீர்கள்.

கருத்து வேறுபட்டால் பாதிக்கப்பட்டவர் முன்னால் சண்டை வேண்டாம், அவர் முன்னால் அதிகாரிக்கு வக்காலத்தும் வேண்டாம். வெளியே அழைத்துப் பேசுங்கள். நகரவில்லை என்றால் தேதி, நேரம், கேட்டது, வந்த பதில் என்ற நான்கையும் எழுதி மேலதிகாரிக்கு அனுப்புங்கள்.

"குடும்ப விஷயம்தானே, நீங்களே உட்கார்ந்து பேசி முடிச்சு வெச்சிடுங்க" என்பதற்கு மட்டும் ஒருபோதும் இணங்காதீர்கள். அடித்தவரும் அடிபட்டவரும் எதிரெதிரே அமர, நடுவில் நீங்கள் நாட்டாமை. அடிபட்டவர் 'சரி' என்பது சம்மதமா பயமா என்று அந்த அறையில் யாராலும் சொல்ல முடியாது.

புகாரைத் திரும்பப் பெறுகிறவர்கள் இருப்பார்கள். அதிகாரி கோப்பை மூடலாம், அது அவர் முறை. அதே நாளில் உங்கள் கோப்பையும் மூடிவிடுவது தவறு. மருந்து, பிள்ளைகளின் படிப்பு, தங்குமிடம் எதுவும் வழக்கோடு கட்டப்பட்டவை அல்ல என்று அவரிடம் சொல்லுங்கள். பாதுகாப்பான எண்ணை மறுபடி சரிபார்த்து, அடுத்து எந்தத் தேதியில் அழைக்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.