பழைய மாளிகைக்குள் வசந்தப் பூக்கள்: அறையைப் பார்த்துவிட்டுப் பூவைத் தேடுங்கள்

பழமை மாறாமல் பாதுகாக்கப்படும் ஒரு மாளிகையில் பல வருஷமாக வசந்தகாலப் பூ அலங்காரம் செய்து வருகிறேன். புதிதாகச் சேர்பவர்கள் முதல் நாளே, "என்ன பூ வாங்கலாம்?" என்று கேட்பார்கள். பூ இருக்கட்டும், வெறுங்கையோடு அறைக்குள் போய்ப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள் என்பேன். எந்த ஜன்னலின் திரை எப்போதும் இறக்கியே இருக்கிறது? பார்க்க வருகிறவர்களின் தோள்பை எந்த மேஜையை உரசிக்கொண்டு போகிறது? ஹீட்டர் எங்கே இருக்கிறது? அதற்குப் பக்கத்தில் வைத்த பூ ஒரு நாள்கூடத் தாங்காது.

பட்டும் நீர்வண்ண ஓவியமும் உள்ள அறைகளில் நிறம் வெளுக்காமல் இருக்க வெளிச்சத்தைப் பொதுவாக 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) வைத்திருப்பார்கள். அந்த மங்கலில் கருநீல ஐரிஸும் கருஞ்சிவப்பு துலிப்பும் இருட்டோடு கரைந்துபோகும். வெள்ளை, வெளிர்மஞ்சள், இளம்பச்சை மட்டும்தான் எடுபடும். அடர்ந்த நிறங்களை வாசலை ஒட்டிய கூடத்தில் வையுங்கள்.

அடுத்தது வீட்டின் வயசு. அறை எந்த ஆண்டில் இருந்தபடி காட்டப்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1750இல் இருந்தது போல வைத்திருக்கும் ஐரோப்பிய அறைக்குள் ஃபோர்சித்தியா கிளை பொருந்தாது. எனக்கு அந்த மஞ்சள் ரொம்பப் பிடிக்கும், ஆனால் அந்தக் கிழக்காசியச் செடி ஐரோப்பியத் தோட்டங்களில் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். துலிப் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது, அதனால் கவலையில்லை. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களைப் பார்த்து அலங்கரிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வசந்தத்தில் பூப்பதும் கோடையில் பூப்பதும் அங்கே ஒரே சாடியில் இருக்கும். ஓவியர்கள் வேறு வேறு சமயத்தில் வரைந்து வைத்ததைச் சேர்த்துக்கொண்டார்கள். பூக்களின் பட்டியலை அங்கிருந்து எடுக்காதீர்கள். ஒரு பூ எப்படித் தலை சாய்கிறது, எப்படி முதுகு காட்டித் திரும்புகிறது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் பழைய கணக்குப் புத்தகமும் தோட்டக் குறிப்பும் கிடைத்தால் அவற்றைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

இனி தண்ணீர். இந்த வேலையில் எனக்குப் பயம் தருவது இது ஒன்றுதான். ஆரம்பத்தில் ஒருமுறை, வீட்டுக்குச் சொந்தமான, மெருகு பூசிய மண் கிண்ணத்திலேயே நேரடியாகத் தண்ணீர் ஊற்றி ஹயசிந்த் வைத்தேன். கிண்ணத்தில் விரிசல் இல்லை, ஒழுகவும் இல்லை. ஆனால் அடிவட்டத்தில் மெருகு பூசியிருக்கவில்லை. அதன் வழியே ஈரம் மெல்ல இறங்கி, இரண்டு நாளில் வால்நட் மேஜையின் பாலிஷில் வெள்ளை வளையமாகப் பதிந்துவிட்டது. அந்த மேஜையைக் கடக்கும்போதெல்லாம் இன்றும் அந்த இடத்தைத்தான் பார்க்கிறேன்.

அன்றிலிருந்து பழைய சாடிக்குள் எப்போதும் வேறொரு பாத்திரத்தை இறக்கித்தான் பூ வைக்கிறேன். கண்ணாடி டம்ளரோ பிளாஸ்டிக் டப்பாவோ போதும், வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான். அதை முதலில் நிரப்பி ஓர் இரவு செய்தித்தாள் மேல் வையுங்கள். தாள் காய்ந்தே இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். சாடிக்கு அடியில் ஈரம் புகாத பாலியெஸ்டர் தாளை வட்டமாக வெட்டிப் போட்டு, அதன்மேல் ஃபெல்ட் துணி வையுங்கள். உள்பாத்திரத்தை முக்கால் அளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம். நிரப்புவது, வெட்டுவது எல்லாம் பின்கட்டில்தான். அறைக்குள் பூவின்மேல் தண்ணீர் தெளிக்கவே கூடாது.

காம்பைப் பிடித்துக்கொள்ளப் பச்சை ஃபோம், அதாவது தண்ணீரில் ஊறவைத்துப் பூவைக் குத்தும் பஞ்சு போன்ற கட்டி, எனக்குப் பிடிக்காது. அதில் குத்திய பூ விறைப்பாக நிற்கும், அது 20ஆம் நூற்றாண்டின் பாணி. கோழிவலையைச் சுருட்டி உள்பாத்திரத்துக்குள் வைத்தால் காம்பு தன் போக்கில் சாயும். வலை பழைய சாடியில் பட்டால் கீறும், ஜாக்கிரதை.

பூக்களில் டாஃபடிலைத் தனியாகக் கவனியுங்கள். வெட்டியதும் காம்பிலிருந்து வழவழவென்று ஒரு பால் வடியும், அது துலிப்பைச் சீக்கிரம் வாட்டிவிடும். தனி வாளியில் ஓர் இரவு வைத்து, தண்ணீரை மாற்றி, மறுபடி வெட்டாமல் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். திரும்ப வெட்டினால் பால் திரும்ப வரும். சிலருக்கு அது கையில் அரிப்பும் உண்டாக்கும்.

துலிப் வெட்டிய பிறகும் வளரும், வெளிச்சம் வரும் பக்கம் வளையும். அதனால் நினைத்ததைவிட இரண்டு விரல் குட்டையாக வெட்டுங்கள். தளர்ந்து வந்தால் காகிதத்தில் இறுக்கமாகச் சுற்றிச் சில மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தினால் நிமிர்ந்துவிடும்.

மொட்டுக் கிளைகளைக் கொண்டுவரும்போது வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் தட்டிப் பாருங்கள். எள்ளைப் போல ஒரு வண்டு விழலாம். கம்பள வண்டு என்பார்கள். வளர்ந்த வண்டு தின்பது மகரந்தத்தைத்தான். ஆனால் அது வீட்டுக்குள் முட்டையிட்டால், வரும் ரோமப்புழு கம்பளி, பட்டு, இறகு எல்லாவற்றையும் அரிக்கும். இருநூறு வருஷத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஒரு கிளையை வைப்பதற்கு முன் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். லில்லி வைத்தால் மொட்டு விரியும்போதே மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுங்கள். துணியில் மகரந்தம் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், ஈரத்துணியும் வேண்டாம். அப்படியே விட்டுவிட்டு, பழம்பொருட்களைப் பராமரிக்கும் நிபுணரைக் கூப்பிடுங்கள்.

காலையில் கதவு திறப்பதற்கு முன்பும் மாலையில் மூடிய பிறகும் ஒரு சுற்று வாருங்கள். உதிர்ந்த இதழைப் பொறுக்குங்கள், துலிப் சாடியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள், அப்புறம் சாடியை இரண்டு கையாலும் தூக்கி, அடியில் இருக்கும் ஃபெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், காய்ந்திருக்கிறதா என்று.