டிம் டாம் பாக்கெட்டை வீணாக்குற வழிகள், அதுல ஒண்ணு ரொம்பக் காஸ்ட்லி

டிம் டாம்ங்கற ஆஸ்திரேலிய சாக்லேட் பிஸ்கட்டை இப்பதான் முதல் தடவை பாக்குறவங்க சுத்தி ஜாஸ்தியாயிட்டே இருக்காங்க. ஆஸ்திரேலியால இருந்து வர்ற சொந்தக்காரங்க ஆளுக்கு ரெண்டு பாக்கெட் குடுத்துட்டுப் போறாங்க, உடனே போட்டோ எடுத்து "இதை எப்டி சாப்பிடணும்?"னு எனக்கு மெசேஜ் வருது. நான் பதில் டைப் பண்றதுக்குள்ள செய்யக் கூடாததெல்லாம் செஞ்சு முடிச்சிருப்பாங்க. எல்லாமே பல வருஷம் முன்னாடி நானும் பண்ண அதே கூத்துதான், புதுசா ஒரு தப்பு கூட இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல. எக்ஸ்பைரி பாருங்க, ஈரக்கையால தொடாதீங்கங்கற சங்கதியெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடறேன்.

உள்ள என்ன இருக்குன்னு பாக்காம ஆரம்பிக்கிறது

ரெண்டு மால்ட் பிஸ்கட், நடுவுல லேசான சாக்லேட் க்ரீம், மொத்தத்தையும் மூடி மெல்லிசா ஒரு சாக்லேட் கோட்டிங். அவ்ளோதான் டிம் டாம். ஆர்னாட்ஸ்ங்கற ஆஸ்திரேலிய பிஸ்கட் கம்பெனில வேலை பாத்த இயன் நோரிஸ் 1958ல பிரிட்டன் போனப்போ அங்க பெங்குயின்னு ஒரு சாக்லேட் பிஸ்கட்டைப் பாத்துட்டு, இதை விட நல்லதா நாம செய்யலாமேன்னு தொடங்கின வேலை இது, 1964ல கடைக்கு வந்துச்சு. பேரு ஒரு குதிரையோடது. அதே 1958ல அமெரிக்கால கென்டக்கி டெர்பி பந்தயத்துல ஜெயிச்ச குதிரை டிம் டாம், அன்னிக்கு அங்க வேடிக்கை பாக்கப் போயிருந்த அந்தக் கம்பெனிக் குடும்பத்து ராஸ் ஆர்னாட்டுக்கு அந்தப் பேரு பிடிச்சுப்போயி பிஸ்கட்டுக்கு வெச்சுட்டாரு.

கதையை விடுங்க, அந்த அமைப்பை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. மேல இருக்கறது சூடு ஆகாத சாக்லேட், உள்ள இருக்கறது ஈரம் ஆகாத பிஸ்கட். வாயில போடுறதுக்கு முன்னாடி இருக்கற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் இதுக்கு சூடும் ஈரமும் வேணும், மத்த நேரமெல்லாம் ரெண்டும் எதிரி. நம்மாளுங்க இதை அப்படியே தலைகீழா பண்ணுவாங்க, வெயில்ல வெச்சு உருக்கிட்டு அப்புறம் ஆறிப்போன காபில முக்குவாங்க.

உருகிடுச்சுன்னு ஃப்ரீசர்ல போடறது, வெள்ளை பூத்துடுச்சுன்னு குப்பைல போடறது

இதைத்தான் நான் விரிவா சொல்லணும், ஏன்னா இதை நினைச்சா எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கல.

எங்க சித்தப்பா வீட்டுக்கு சிட்னில இருந்து நாலு பாக்கெட் வந்துச்சு. ஏர்போர்ட்ல இருந்து வர்ற வழியில எங்கேயோ சாப்பிட நிறுத்திருக்காங்க, கார் வெயில்ல நின்னுருக்கு, வீட்டுக்கு வந்து பாத்தா பாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு இருக்கு. சித்தப்பா நாலையும் நேரா ஃப்ரீசர்ல வெச்சுட்டாரு. மறுநாள் வெளிய எடுத்து, உடனே பிரிச்சு, தட்டுல அடுக்கி, அப்படியே மறந்துட்டு ஏதோ வேலையா போயிருக்காங்க. சாயந்திரம் வந்து பாத்தா எல்லாத்து மேலயும் சாம்பல் கலந்த வெள்ளையா படை மாதிரி இருந்திருக்கு. பூஞ்சைன்னு முடிவு பண்ணி நாலு பாக்கெட்டும் குப்பைத்தொட்டிக்குப் போயிடுச்சு. 200 கிராம் ஒரிஜினல் பாக்கெட்ல 11 பிஸ்கட், அப்ப 44 பிஸ்கட். அன்னிக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணி, "நல்லவேளைடா, புள்ளைங்க வாயில வெக்கிறதுக்குள்ள பாத்துட்டேன்"னு பெருமையா வேற சொன்னாரு. நான் என்னத்த சொல்ல, "ஆமா சித்தப்பா"ன்னு வெச்சுட்டேன்.

அது பூஞ்சை இல்ல. சாக்லேட்ல இருக்கற கோகோ பட்டர்ங்கற கொழுப்பு ஆறு விதமா உறையும், அதுல அஞ்சாவது விதம்தான் பளபளப்பையும் கடிச்சா பட்டுன்னு உடையற தன்மையையும் குடுக்கும். பேக்டரில சூட்டை ஏத்தி இறக்கிக் கணக்கா அந்த அஞ்சாவதுக்குக் கொண்டு வருவாங்க. அது 34 டிகிரி பக்கம் உருகும், அதனாலதான் நாக்குல வெச்சா கரையுது, அதே காரணத்தால பூட்டின கார்லயும் கரையுது. ஒரு தடவை முழுசா உருகிட்டா அந்த அடுக்கு போச்சு. திரும்ப உறையும்போது கொழுப்பு அதுபாட்டுக்கு மேல வந்து வேற மாதிரி உறையும், அதான் அந்த மங்கலான வெள்ளை.

சித்தப்பா வீட்டுல இன்னொரு வெள்ளையும் சேந்துருக்கு. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த உடனே பிரிச்சா, காத்துல இருக்கற ஈரம் சில்லுன்னு இருக்கற பிஸ்கட் மேல முத்து முத்தா படியும், அந்தத் தண்ணில சாக்லேட்டோட சர்க்கரை கரையும், தண்ணி காஞ்சதும் சர்க்கரை மட்டும் சொரசொரப்பா மேலேயே தங்கிடும். எது எதுன்னு கண்டுபிடிக்கறது ஈஸி. விரலால லேசா தேச்சுப் பாருங்க, விரல் சூட்டுல மறைஞ்சுட்டா கொழுப்பு, மறையாம மணல் மாதிரி நெரடினா சர்க்கரை. ரெண்டுமே வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது. சாக்லேட்ல பூஞ்சை வளர்ற அளவுக்குத் தண்ணியே கிடையாது. பஞ்சு மாதிரி முடி முடியா வளர்ந்திருந்தாலோ கெட்ட வாடை அடிச்சாலோ மட்டும் தூக்கிப் போடுங்க, அது பெரும்பாலும் பாக்கெட்டுக்குள்ள தண்ணி போயிருந்தா நடக்கற விஷயம்.

சரி, உருகிடுச்சு, இப்ப என்ன பண்றது? ஒண்ணும் பண்ணாதீங்க. பாக்கெட்டைப் பிரிக்காம, அமுக்கிப் பாக்காம, படுக்க வெச்சு வீட்டுலயே குளுமையான இடத்துல ராத்திரி முழுக்க விட்டுடுங்க. தானா இறுகிடும். வெள்ளை கொஞ்சம் வரத்தான் செய்யும், பளபளப்பு போயிருக்கும், ஆனா வடிவம் நிக்கும், உள்ள பிஸ்கட் மொறுமொறுப்பா இருக்கும். முக்கியமா, அழகு போன இந்த பிஸ்கட்தான் கீழ சொல்லப் போற ஸ்லாமுக்குக் கன கச்சிதம், எப்படியும் கோட்டிங்கை உருக்கித்தானே சாப்பிடப் போறோம்! இதை சித்தப்பா கிட்ட இன்னிக்கு வரைக்கும் நான் சொல்லல, சொன்னா மனுஷன் தூங்க மாட்டாரு.

ஃப்ரிட்ஜே ஆகாதுன்னு நினைக்கிறது

அப்படியும் இல்ல. 20 டிகிரிக்குள்ள காஞ்ச அலமாரி இருந்தா அதுவே போதும், ஃப்ரிட்ஜ் தேவையில்ல. வீடே 30க்கு மேல கொதிக்குதுன்னா ஃப்ரிட்ஜ்ல வெச்சுத்தான் ஆகணும். காத்து போகாத டப்பால போட்டு வைங்க, எடுத்ததும் திறக்காதீங்க, டப்பாவோட வெளிய வெச்சு குளிர் போனதும் திறங்க. இந்தக் கடைசி வரியை யாரும் கேக்கறதில்ல.

சூட்கேஸ்ல சோப்பு பக்கத்துல வெச்சுக் கொண்டு வர்றது

சாக்லேட் கொழுப்பு வாசனையை இழுத்துக்கும். அப்புறம் சோப்புதான் சாப்பிடணும்.

முதல் பிஸ்கட்டையே காபில முக்குறது

நெட்ல வீடியோ பாத்துட்டு பாக்கெட்டைப் பிரிச்ச கையோட கப்பைத் தேடுறாங்க. முதல் பிஸ்கட்டை சும்மா கடிச்சு சாப்பிடுங்க ப்ளீஸ். அந்த மால்ட் ருசி என்ன, க்ரீம் எவ்ளோ இனிப்புன்னு நாக்குக்குத் தெரிஞ்சாத்தான் முக்கினதுக்கு அப்புறம் என்ன மாறுச்சுன்னு புரியும்.

ஸ்லாம்ல மூலையைத் தப்பா கடிக்கிறது

டிம் டாம் ஸ்லாம் தெரியாதவங்களுக்கு: எதிரெதிர் மூலை ரெண்டைக் கடிச்சு எடுத்துட்டு, ஒரு மூலையை சூடான காபிலயோ டீலயோ ஹாட் சாக்லேட்லயோ வெச்சு, இன்னொரு மூலை வழியா பிஸ்கட்டையே ஸ்ட்ராவா வெச்சு உறிஞ்சணும். பானம் வாய்க்கு வந்த அடுத்த நொடி மொத்தத்தையும் வாய்க்குள்ள தள்ளணும். உள்ள பிஸ்கட் கூழா கரைஞ்சிருக்கும், மேல கோட்டிங் மட்டும் உயிரைக் கையில பிடிச்சுட்டு நிக்கும், அந்த நிலைமைல சாப்பிடறதுதான் சுகமே.

பாதிப் பேர் ரெண்டு மூலையையும் ஒரே பக்கத்துல கடிச்சுடறாங்க. அப்ப பானம் அந்த ஓரத்தோட போயி வந்துடும், மீதி பிஸ்கட் காஞ்சே கிடக்கும். குறுக்கால, கோணத்துக்குக் கோணம் கடிக்கணும். எவ்ளோ கடிக்கிறோங்கறதும் முக்கியம், கோட்டிங் மட்டும் பேந்து வந்தா வழி திறக்காது, உள்ள பிஸ்கட்டும் க்ரீமும் கண்ணுக்குத் தெரியணும். அதுக்குன்னு கால்வாசி கடிச்சுட்டா கப்புக்குள்ளயே இடிஞ்சு விழுந்துடும்.

அடுத்தது பொறுமை. உறிஞ்ச ஆரம்பிச்சதும் கொஞ்ச தூரம் சடார்னு ஏறும், அப்புறம் நின்னுட்ட மாதிரி இருக்கும், உடனே அடைச்சுக்கிச்சுன்னு நினைச்சு வெளிய எடுத்து வேற மூலையைக் கடிக்கிறாங்க. அடைக்கல. பிஸ்கட்ல இருக்கற நுண்ணிய ஓட்டை வழியா திரவம் ஏறும்போது ரெண்டு மடங்கு தூரத்துக்கு நாலு மடங்கு நேரம் ஆகும், இது வாஷ்பர்ன் சமன்பாடு, 1921லயே எழுதினது. பிஸ்கட்டை முக்குறதுக்கு இதை வெச்சுக் கணக்கு போட்ட பிரிஸ்டல் பல்கலைக்கழக இயற்பியல்காரர் லென் ஃபிஷருக்கு 1999ல இக்நோபல் பரிசே குடுத்தாங்க, கிண்டலுக்குக் குடுக்கற பரிசுதான், ஆனா கணக்கு நிஜம். நாம உறிஞ்சறதால இன்னும் சீக்கிரம் வரும், ஆனாலும் கடைசிப் பகுதி மெதுவாத்தான் இருக்கும். விடாம, ஒரே சீரா இழுங்க.

அப்புறம் கப்பை விளிம்பு வரைக்கும் நிரப்பிக்கோங்க. பாதிக் கப்ல முயற்சி பண்ணி மூக்கை உள்ள விட்டவங்களைப் பாத்திருக்கேன்.

ஆறின காபி

வேலைக்கே ஆகாது. சூடு குறைஞ்சா திரவம் மெதுவா ஏறும், கோட்டிங்கும் உருகாது.

கொதிக்கற காபி

உறிஞ்சினா நேரா நாக்குல வந்து விழும், வெந்துடும். அடுப்புல இருந்து எடுத்து சில நிமிஷம் விடுங்க, ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு முக்குங்க. சின்னப் பசங்களுக்குன்னா இன்னும் ஆற விட்டு, வெதுவெதுன்னு இருக்கற பால்ல முக்கிக் குடுங்க, ஸ்லாம் சரியா வராது, பரவால்ல.

கேரமல்ல ஆரம்பிக்கிறது

டிம் டாம்லயே பல வகை உண்டு. சூவி கேரமல் சும்மா சாப்பிட நல்லா இருக்கும், ஸ்லாமுக்கு வேண்டாம், உள்ள அந்த இழுவை கேரமல் வழியை மறிக்கும். டபுள் கோட்ல கோட்டிங் தடிமன், அது உருகறதுக்குள்ள உள்ள பிஸ்கட் காணாமப் போயிடும். பழகற வரைக்கும் ஒரிஜினல், இனிப்பு ஓவரா தெரிஞ்சா டார்க். வொய்ட் பத்தி எனக்கு நல்ல அபிப்ராயம் கிடையாது, அதோட நிறுத்திக்கிறேன்.

எல்லா டிம் டாமும் ஒண்ணுன்னு சண்டை போடறது

ஆஸ்திரேலியால தயாராகறதும் உண்டு, இந்தோனேஷியால தயாராகறதும் உண்டு, பாக்கெட் பின்னாடி போட்டிருக்கும். ரெண்டுக்கும் ருசி கொஞ்சம் வித்தியாசப்படும். "போன தடவை சாப்பிட்டது மாதிரி இல்லையே, டூப்ளிகேட்டா?"ன்னு பதறாம முதல்ல அதைத் திருப்பிப் பாருங்க. அப்படியே லேபிளையும் படிச்சுடுங்க, கோதுமை, பால், சோயா மூணும் இருக்கு, ஒத்துக்காதவங்களுக்கு நீட்டிடாதீங்க.

ஒரே உட்கார்ல பாக்கெட்டைக் காலி பண்றது

ஒண்ணுக்கு கிட்டத்தட்ட 95 கலோரி. பதினொண்ணால பெருக்கிக்கோங்க.

உடைஞ்சதை ஒதுக்கறது

பயணத்துல நொறுங்கினது, உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டது, இதெல்லாம் ஸ்லாமுக்கு ஆகாது, கோட்டிங்ல விரிசல் இருந்தா காத்துதான் வரும், பானம் வராது. அதுக்காகத் தூக்கிப் போட வேண்டியதில்ல. கத்தியால சின்னச் சின்னதா நறுக்கி வெனிலா ஐஸ்க்ரீம் மேல போடுங்க, பரிமாறுற நேரத்துல போடுங்க, முன்னாடியே போட்டு வெச்சா பிஸ்கட் நமுத்துடும். மில்க்‌ஷேக் அடிக்கிறதா இருந்தா பாலையும் ஐஸ்க்ரீமையும் முதல்ல அடிச்சுட்டு, பிஸ்கட்டைக் கடைசியா போட்டு ரெண்டு சுத்து மட்டும் விடுங்க, பல்லுல படற மாதிரி துண்டு மிஞ்சணும்.