கனெட்டும் டெக்னாவும்: பெயர் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம்

2015 ஜூன் 29 அன்று அமெரிக்காவின் கனெட் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழும், தொண்ணூறுக்கும் மேற்பட்ட உள்ளூர் நாளிதழ்களும், பிரிட்டனில் இருந்த நியூஸ்குவெஸ்ட் பத்திரிகைக் குழுமமும் ஒரு நிறுவனத்தின் கீழ் வந்தன. 46 தொலைக்காட்சி நிலையங்களும் கார்ஸ்.காம் போன்ற இணையத் தொழில்களும் இன்னொரு நிறுவனத்தில் நின்றன. அதற்கு டெக்னா என்று பெயர் சூட்டப்பட்டது. செய்தி இவ்வளவுதான் என்றாலும், இதைத் தமிழில் எழுதுகிறவர்களும் பங்குச் சந்தைக் குறிப்பு தயாரிப்பவர்களும் வழுக்கி விழும் இடங்கள் இதில் நிறைய உண்டு.

முதல் தவறு திசையைப் பற்றியது. "கனெட் தன் தொலைக்காட்சித் தொழிலைப் பிரித்து டெக்னா என்ற புது நிறுவனத்தைத் தொடங்கியது" என்று எழுதினால் படிப்பதற்கு இயல்பாக இருக்கும். ஆனால் சட்டப்படி நடந்தது இதற்கு நேர் எதிரானது. பழைய கனெட் நிறுவனம் எங்கும் போகவில்லை. அதுதான் தன் பெயரை டெக்னா என்று மாற்றிக்கொண்டு தொலைக்காட்சி நிலையங்களோடு நின்றது. பத்திரிகைத் தொழிலுக்காகத்தான் புதிதாக ஒரு நிறுவனம் பதிவு செய்யப்பட்டு, அதன் பங்குகளில் 98.5 சதவீதம் பழைய பங்குதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. அந்தப் புதிய நிறுவனத்துக்குத்தான் கனெட் என்ற பழைய பெயர் போனது. வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போன பிள்ளை குடும்பப் பெயரையும் கையோடு எடுத்துக்கொண்டு போக, வீட்டிலேயே இருந்த தகப்பன் புதுப் பெயர் வைத்துக்கொண்ட கதை இது.

இது வெறும் சொல் விளையாட்டு அன்று. 2014ஆம் ஆண்டின் கனெட் கணக்கையும் 2016ஆம் ஆண்டின் கனெட் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "வருவாய் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது" என்று தலைப்பிட்ட கட்டுரை ஒன்று திருத்துவதற்காக ஒருமுறை என் மேசைக்கு வந்தது. எழுதியவர் கணக்கில் பிழை செய்யவில்லை. இரு வேறு நிறுவனங்களை ஒன்றென்று எண்ணிவிட்டார், அவ்வளவுதான். பங்குச் சந்தையில் ஒரு நிறுவனத்தைக் குறிக்கும் எழுத்துக் குறியீடும் இந்தக் குழப்பத்துக்குத் துணை போகிறது. பிரிப்புக்கு முன் முழு நிறுவனத்தையும் குறித்த ஜி.சி.ஐ. என்ற குறியீடு, பிரிந்த நாள் முதல் பத்திரிகை நிறுவனத்தை மட்டும் குறித்தது. பழைய உடலுக்கு டி.ஜி.என்.ஏ. என்ற புதுக் குறியீடு கிடைத்தது. போதாக்குறைக்கு, பிரிந்த பின்னும் இரண்டின் தலைமையகமும் வர்ஜீனியா மாநிலத்தின் மெக்லீன் ஊரிலேயே இருந்தன. முகவரியைப் பார்த்துப் பிரித்தறியவும் வழியில்லை.

இதே முறை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நடந்திருக்கிறது. 2013 ஜூன் மாதக் கடைசியில் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் பிரிந்தபோது, பழைய நிறுவனம் ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஃபாக்ஸ் என்று பெயர் மாறித் தொலைக்காட்சியையும் திரைப்படத்தையும் வைத்துக்கொண்டது. நியூஸ் கார்ப் என்ற பெயர் புதிய பத்திரிகை நிறுவனத்துக்குப் போனது. ஆனால் இதையே விதியாக்கிக்கொள்வதும் தவறு. 2014 ஆகஸ்டில் டிரிபியூன் நிறுவனம் பிரிந்தபோது இரு பக்கமும் டிரிபியூன் என்ற பெயரைப் பங்கிட்டுக்கொண்டன: நிலையங்கள் டிரிபியூன் மீடியாவிலும், நாளிதழ்கள் டிரிபியூன் பப்ளிஷிங்கிலும் சேர்ந்தன. பின்னதற்கு 2016இல் 'டிராங்க்' என்று பெயர் மாற்றிப் பார்த்தார்கள். ஊரே சிரித்த பிறகு 2018இல் பழைய பெயருக்கே திரும்பினார்கள்.

கனெட் என்ற பெயரோடு இன்னொரு கண்ணியும் உண்டு. 2019 நவம்பரில், கேட்ஹவுஸ் நாளிதழ்களை நடத்திவந்த நியூ மீடியா இன்வெஸ்ட்மென்ட் குரூப், கனெட்டை வாங்கியது. வாங்கிய நிறுவனம் தன் பெயரை விட்டுவிட்டு, வாங்கப்பட்ட நிறுவனத்தின் பெயரையே சூடிக்கொண்டது. ஆகவே 2010இன் கனெட், 2017இன் கனெட், 2021இன் கனெட் ஆகிய மூன்றும் சட்டப்படி மூன்று நிறுவனங்கள். கடைசியில் 2025இல் அந்தப் பெயரும் கைவிடப்பட்டு 'யுஎஸ்ஏ டுடே கோ' ஆனது. இந்தப் பெயரைக் கட்டுரையில் எழுதும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஆண்டைக் குறிப்பிடுவதே பாதுகாப்பானது.

டெக்னா என்ற பெயரிலும் தமிழ் வாசகருக்கென்று தனியாக ஒரு பொறி இருக்கிறது. நம் எழுத்தில் 'டெக்' என்று பார்த்தவுடன் தொழில்நுட்பம் என்று மனம் தாவிவிடுகிறது. "தொழில்நுட்ப நிறுவனமாக மாறுவதன் அடையாளமாக வைத்த பெயர்" என்று விளக்கம் எழுதியவர்களும் உண்டு. உண்மையில் அது கனெட் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டது. ஜி, ஏ, என், என், இ, டி, டி என்ற ஏழு எழுத்துகளில் இரட்டையாக வரும் என்னிலும் டியிலும் ஒவ்வொன்றைத் தள்ளிவிட்டு, மீதி ஐந்தையும் டி, இ, ஜி, என், ஏ என்று அடுக்கினால் டெக்னா. நிறுவனத்தார் இதை எழுத்து மாற்றுப் பெயர் என்று சொல்லிக்கொண்டாலும், ஏழும் பயன்படவில்லை என்பதால் கண்டிப்பான பொருளில் அதுகூட முழுதாகப் பொருந்தாது.

அடுத்தது பங்கு விலை. பங்குதாரர்களுக்கு இரண்டு பழைய பங்குக்கு ஒரு புதிய கனெட் பங்கு என்ற விகிதத்தில் கிடைத்தது. நூறு பங்கு வைத்திருந்தவர், அந்த நூறும் டெக்னா பங்குகளாக நிற்க, கூடுதலாக ஐம்பது கனெட் பங்குகளைப் பெற்றார். நூற்றொன்று வைத்திருந்தவருக்கு அரைப் பங்கின் மதிப்பு பணமாக வந்தது. ஒரு தொழில் பிரிந்து வெளியே போனால், எஞ்சிய நிறுவனத்தின் பங்கு விலை அந்த அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும். அதைச் "சரிவு" என்று எழுதுவது, பானையிலிருந்து பாதிச் சோற்றை இன்னொரு பானைக்கு மாற்றிவிட்டுச் சோறு குறைந்துவிட்டது என்பதைப் போன்றது. இலவசமாகப் பங்கு கிடைத்தது என்று மகிழ்வதும் அதே தவறின் மறுபுறம்தான். பழைய பங்கை வாங்கிய விலையை இரண்டு நிறுவனப் பங்குகளுக்கும் பிரித்து எழுதிக்கொள்ளாவிட்டால், பின்னாளில் விற்கும்போது லாபக் கணக்கே கோணலாகிவிடும்.

இது விற்பனையும் அன்று. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2013இல் ஜெஃப் பெசோஸுக்கு 25 கோடி டாலருக்குப் போனதுதான் விற்பனை. பெயரும் நாளிதழோடு போய்விட்டதால் பழைய நிறுவனம் கிரஹாம் ஹோல்டிங்ஸ் என்று மாற வேண்டியிருந்தது. கனெட் பிரிப்பில் வாங்கியவர் என்று யாரும் இல்லை.

நிலையம், சேனல், வலையமைப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பது நம்மிடம் அதிகம். நம் ஊரில் சன், விஜய் என்றால் மாநிலம் முழுவதும் ஒரே சேனல் ஓடுகிறது. அமெரிக்காவில் என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. ஆகியவை வலையமைப்புகள், அவற்றின் நிகழ்ச்சிகளை ஒவ்வொரு நகரிலும் ஒளிபரப்புவது ஓர் உள்ளூர் நிலையம், அந்த நிலையம் பெரும்பாலும் வேறொருவருக்குச் சொந்தம். பிரிப்பின்போது டென்வரின் கே.யு.எஸ்.ஏ. டெக்னாவினுடையது, ஆனால் காட்டியது என்.பி.சி. நிகழ்ச்சிகள்; அதன் வாஷிங்டன் நிலையமான டபிள்யு.யு.எஸ்.ஏ. காட்டியது சி.பி.எஸ்.; டல்லஸ் நிலையமான டபிள்யு.எஃப்.ஏ.ஏ. காட்டியது ஏ.பி.சி. தாய் நிறுவனத்தின் பெயர் மாறியபோது நிலையங்களின் பெயராக நிற்கும் இந்த அழைப்பு எழுத்துகள் எதுவும் மாறவில்லை. மாலைச் செய்தி பார்த்த நேயருக்கு எதுவும் தெரிந்திருக்காது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: டென்வர், வாஷிங்டன் நிலையங்களுக்கு 'யு.எஸ்.ஏ.' என்ற எழுத்துகள் 1980களில் வந்தது 'யுஎஸ்ஏ டுடே'யை ஒட்டித்தான். நாளிதழ் பிரிந்து போன பின்னும் அதன் பெயர் இவற்றின் நெற்றியில் இருந்தது.

பிரிப்புக்குக் காரணம் சொல்லும்போதும் கவனம் வேண்டும். ஒரே ஊரில் நாளிதழும் நிலையமும் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்ற 1975ஆம் ஆண்டு விதி அப்போது நடப்பில் இருந்தது. சுமார் 150 கோடி டாலர் கொடுத்து 2013இல் பெலோ நிறுவனத்தின் நிலையங்களைக் கனெட் வாங்கியபோது அதற்கு நாளிதழ் இருந்த ஃபீனிக்ஸ் போன்ற நகரங்களில் அந்த விதி குறுக்கிட்டது. ஆனாலும் பிரியச் சொல்லி எந்த அரசு அமைப்பும் உத்தரவிடவில்லை. கேபிள் நிறுவனங்கள் நிலையங்களுக்குச் செலுத்தும் மறு ஒளிபரப்புக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்க, அச்சு விளம்பரம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலீட்டாளர் இரண்டையும் தனித்தனியாக எடைபோடட்டும் என்பதே கணக்கு. "கடனைப் பத்திரிகையின் தலையில் கட்டினார்கள்" என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. டிரிபியூன் பப்ளிஷிங் 35 கோடி டாலர் கடனோடு புறப்பட்டு, தாய் நிறுவனத்துக்கு 27.5 கோடி டாலர் ஈவுத்தொகையும் கொடுத்தது. கனெட்டோ ஏறத்தாழக் கடன் இல்லாமலேயே வெளியே வந்தது. நிலையங்களின் வருவாயை ஒப்பிடும்போது, தேர்தல் விளம்பரம் கொட்டும் இரட்டைப்படை ஆண்டை ஒற்றைப்படை ஆண்டோடு நிறுத்துப் பார்க்கக் கூடாது. 2014ஐ 2016உடன் வைத்துப் பார்ப்பதுகூடத் தோராயம்தான், ஏனெனில் முன்னது அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டு.

2025 ஆகஸ்டில் நெக்ஸ்டார் நிறுவனம், கடனையும் சேர்த்து 620 கோடி டாலர் மதிப்பில் டெக்னாவை வாங்க ஒப்பந்தம் செய்ததாக அறிவித்தது. அப்போது "பத்தே வயதான டெக்னா" என்று அடைமொழி போட்டவர்கள், முதல் தவறு என்று மேலே சொன்ன அதற்கே திரும்பிப் போனார்கள். பத்து வயது பெயருக்குத்தான்; அதன் வரலாறு, நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா ஊரில் 1906இல் ஃபிராங்க் கனெட் ஒரு நாளிதழில் பங்கு வாங்கியதிலிருந்து தொடங்குகிறது.