கூடலூர் மழையில் நெல் நாற்றுக்கு நுண்ணுயிர் கொடுப்பது எப்படி?

நீலகிரி கூடலூர்ப் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு, நெல்லைத் தாக்கும் பூஞ்சை நோயான குலைநோய் புதிதல்ல. ஆனியும் ஆடியும் வெயில் முகம் காட்டாது, இலை காயாது, இரவில் குளிரும். அந்தப் பூஞ்சைக்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது. அதனால்தான் விதையிலிருந்தே, பூஞ்சையை அடக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவைச் சேர்க்க ஆரம்பித்தேன். கூடவே தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) அசோஸ்பைரில்லம், மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) பாஸ்போபாக்டீரியா; இவையும் பாக்டீரியாக்கள்தான். நம்முடையது அமில மண். போடுகிற மணிச்சத்தை மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் கரைத்து வேருக்குக் கொடுக்கத்தான் பாஸ்போபாக்டீரியா.

கணக்கெல்லாம் ஒரு ஏக்கருக்கு. நாற்றங்கால் 8 சென்ட். சேறடித்துப் பாத்தி கட்டுவது உங்களுக்குத் தெரிந்ததுதான், நேராக விதைக்கு வருகிறேன்.

ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் சூடோமோனாஸ் தூள். அதே தண்ணீரில், ஏக்கருக்கான மொத்த விதைக்கும் சேர்த்து, மற்ற இரண்டிலும் 200 கிராம் பொட்டலம் ஒவ்வொன்று. மூன்றையும் சேர்த்துக் கலக்கலாம். பூஞ்சைக்கொல்லி மட்டும் கூடவே கூடாது. ஓடைத் தண்ணீர் நல்லது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம். இரவு முழுக்க ஊறட்டும்.

அடுத்தது முளைகட்டுதல். நான் சறுக்கியது இங்கேதான். ஒரு நாளில் முளைத்துவிடும் என்பது சமவெளிக் கணக்கு. இங்கே மழைக்குளிரில் ஒரு நாள் கழித்துச் சாக்கைப் பிரித்தால் விதை அப்படியே இருந்தது. பயந்துபோய், விறகடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் மூட்டையை ஏற்றினேன். முளை வந்தது. ஆனால் அடிப்பக்க விதை வெந்து புளித்த வாடை அடித்தது. அந்தச் சூட்டில் பாக்டீரியா பிழைத்திருக்காது. 20 நாள் கழித்து நாற்றைப் பிடுங்கினால், எதுவும் கலக்காமல் விதைத்த பாத்திக்கும் இதற்கும் வேரில் வித்தியாசமே இல்லை.

இப்போது செய்வது இது: தண்ணீரை நன்றாக வடித்து, சணல் சாக்கில் தளர்வாகக் கட்டி, மேலும் கீழும் வைக்கோல் போட்டு வீட்டுக்குள் ஒரு மூலையில் வைக்கிறேன். காலையும் மாலையும் கையை உள்ளே விட்டுப் பார்த்துப் புரட்டிவிடுகிறேன். இரண்டு நாள்கூட ஆகும், பொறுத்திருங்கள். பிளாஸ்டிக் சாக்கு வேண்டவே வேண்டாம், உள்ளே காற்றுப் போகாது.

நடவுக்கு முன் வேர் நனைப்பு. நாற்றங்கால் ஓரத்தில் 10 சதுர மீட்டருக்கு வரப்புக் கட்டி, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு கிலோ சூடோமோனாஸைக் கரையுங்கள். சேறு அலசிய நாற்றுமுடிகளை அதில் அரை மணி நேரமாவது நிறுத்தி வையுங்கள். அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் நான்கு நான்கு பொட்டலம் எடுத்து, மக்கிய தொழுவுரத்தில் பிசறி, நடவு வயலில் தூவினால் போதும். உரக்கடையில் எது வாங்கினாலும் தயாரித்த தேதியைப் பாருங்கள். எனக்குத் திரவ பாட்டில்தான் பிடிக்கும், தூளைவிட அதிக நாள் தாங்கும். அளவு மட்டும் வேறு, பாட்டிலில் போட்டபடி ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை: தேவாலாவிலிருந்து ஒருவர், நாற்றை நிறுத்தி வைத்திருக்கும்போதே மழை கொட்டி வரப்பு வழிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்து மழைக்கு வரப்பு நிற்காதுதான். அப்படியானால் அகலமான அண்டாவை மாட்டுக்கொட்டகைக்குள் வைத்து, தூளைக் கெட்டியாகக் கரைத்து, முடிமுடியாக நனைத்து எடுங்கள். வேர் மூழ்கினால் போதும், இலை நனைய வேண்டியதில்லை.