செவன் சீட்டர் எடுத்தாச்சா? ஆளை ஏற்றிப் பாருங்கள்

செவன் சீட்டரை வாங்கும் முன் ஏழு பேரை ஏற்றி ஓட்டிப் பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. வீட்டுக்காரரும் வீட்டம்மாவும் ஷோரூமுக்குப் போவார்கள், சேல்ஸ் தம்பி பக்கத்தில் உட்காருவார், ராயக்கோட்டை மேம்பாலம் வரை ஒரு ரவுண்டு. ஏசி ஜில்லென்று இருக்கும், பிக்கப் பறக்கும், பிரேக் கச்சிதமாகப் பிடிக்கும். அதே வண்டியில் மாமனார், மாமியார், பிள்ளைகள், நாத்தனார், ரெண்டு பை, ஒரு கூடை மாம்பழம் என்று ஏறியதும் அது வேறு வண்டி. புதுசாக எடுத்தவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன. சில நேரம் குறை வண்டியில் இருக்கும். பல நேரம், ஆள் ஏறிய வண்டிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்குக் கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணம். வீட்டில் வண்டி ஓட்டுவது நான்தான். வீட்டுக்காரர் ஓசூர் வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். என் வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. கீழே எழுதியிருப்பது எர்டிகா, கேரன்ஸ், ட்ரைபர், இன்னோவா எதை வைத்திருப்பவருக்கும் உதவும்.

டெலிவரியைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். நல்ல நேரம் சாயங்காலம் ஏழு மணி என்று ஜோசியர் சொன்னால், காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து சாயங்காலம் சாவி வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். நான்கு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் அதைப் பாருங்கள். வண்டி தயாரான மாதமும் வருடமும் படிவம் 21இல் (டீலர் தரும் விற்பனைச் சான்று) இருக்கும், அதையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு சீட்டையும் மடக்கி நிமிர்த்துங்கள், ஒவ்வொரு பெல்ட்டையும் மாட்டிக் கழற்றுங்கள், கடைசி வரிசை உட்பட. ஷோரூமில் யாரும் தொடாத இடம் அதுதான்.

பூஜைக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கோ உங்கள் குலதெய்வத்துக்கோ கொண்டுபோவீர்கள், சரி. சந்தனத்தையும் குங்குமத்தையும் பின்பக்க கேமரா கண்ணிலும் பம்பரில் இருக்கும் சின்ன வட்ட சென்சார்களிலும் வைக்க விடாதீர்கள். காய்ந்த சந்தனத்தோடு ரிவர்ஸ் எடுத்தால் ஸ்கிரீனில் மங்கல்தான் தெரியும், சென்சார் காரணமில்லாமல் கத்தும். 'புது வண்டியில் கேமரா சரியில்லை' என்ற புகாரோடு வருபவர்களிடம் முதலில் லென்ஸைத் துடைக்கச் சொல்லலாம். பர்கூர் பக்கம் கிரானைட் லாரிகளுக்குப் பின்னால் போய் வருபவர்களுக்கு இது வாரம் ஒரு வேலை.

இனி ஆளை ஏற்றிப் பார்ப்பது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் இன்ஜினை விரட்டக் கூடாது, ஒரே வேகத்திலேயே மணிக்கணக்காகவும் போகக் கூடாது என்றுதான் பெரும்பாலான கம்பெனிகளின் கையேடு சொல்கிறது. அதனால் நிறைய ஆளோடு மலை ஏறுவதைத் தள்ளி வையுங்கள். கே.ஆர்.பி. அணை வரை போய் வரும் தூரமே இந்தச் சோதனைக்குப் போதும். வீட்டில் எல்லோரையும் ஏற்றுங்கள். ஓட்டுவதை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, நீங்கள் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள்.

அங்கே உட்கார்ந்தால் நிறைய விஷயம் புரியும். முட்டி நெஞ்சுக்கு வரும், ஏனென்றால் சீட் தரையிலிருந்து உயரமாக இல்லை. கண்ணாடி திறக்காது. பின் சக்கரத்துக்கு மேலேயோ அதை ஒட்டியோ உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகுத்தண்டில் ஏறும். இதெல்லாம் குறை இல்லை, இந்த வகை வண்டியின் அமைப்பு. நடு வரிசையை ஒரு நாலு விரல் முன்னால் தள்ளினால் பின்னால் இருப்பவருக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும், நடுவில் இருப்பவருக்கு அது பெரிய நஷ்டமும் இல்லை. குமட்டல் வருகிறவர்களைக் கடைசியில் போடாதீர்கள். பெண்ணாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளில் அது தெரிந்துவிடும். என் அத்தைக்கு முட்டி வலி. நடு சீட்டை மடக்கி, குனிந்து, காலைத் தூக்கி வைத்து உள்ளே போவது அவரால் ஆகாது. அதனால் நடு வரிசையில் இடது கதவோரம் அவருக்கு நிரந்தர சீட். பின்னால் போகிற பிள்ளைகள் வலது பக்கமாக ஏறுவார்கள். சாலை ஓரத்தில் நிறுத்தியிருந்தால் மட்டும் அத்தை இறங்கி வழி விடுவார். வலது கதவு வண்டிகள் வரும் பக்கம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஏழு பேரும் மூட்டையும் சேர்ந்து போகும் என்று நம்பி கல்யாணத்துக்குக் கிளம்புபவர்கள்தான் பாவம். எல்லா சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவில் டிக்கி 209 லிட்டர், ட்ரைபரில் வெறும் 84 லிட்டர். கடைசி வரிசையை மடக்கினால் எர்டிகாவில் 550. ட்ரைபரில் அந்த சீட்டுகளைக் கழற்றியே எடுத்துவிடலாம், அப்போது 625. ஆக இது ஏழு பேர் வண்டி, அல்லது ஐந்து பேரும் சாமானும் போகும் வண்டி. பாதி பாதியாக மடங்கும் சீட் என்றால் ஆறு பேரும் ஒரு பெரிய பெட்டியும் போகும். எங்கள் வீட்டுக்கு அதுதான் சரியாக வருகிறது.

ஏசி பற்றிய புகார் சித்திரை வெயிலில் வரும். பின்னால் காற்றே வரவில்லை என்பார்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள், சூடான காற்று வெளியே போகட்டும். பிறகு கண்ணாடியை ஏற்றி, வெளிக்காற்று வராதபடி உள்சுற்றுக்கு மாற்றுங்கள். பின் புளோயருக்குத் தனி சுவிட்ச் இருக்கும், அது பல நாள் அணைந்தே கிடக்கும். சில மாடல்களில் பின்னால் இருப்பது முன்னால் குளிர்ந்த காற்றை இழுத்து வீசும் ஃபேன் மட்டுமே. அந்த வகையில் முன்னால் இருப்பவர் குளிருகிறது என்று ஏசியைக் குறைத்தால் பின்னால் இருப்பவருக்குப் புழுக்கம்தான். முன் வென்ட்டுகளை முகத்துக்கு நேராக வைக்காமல் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டால் இரு தரப்பும் சமாதானமாகும். இவ்வளவும் செய்து இருபது நிமிடம் கழித்தும் பின்னால் வெதுவெதுப்பாகவே இருந்தால், அப்போது சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

டயர் காத்து. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல வண்டிகளில் ரெண்டு கணக்கு போட்டிருப்பார்கள்: ரெண்டு மூணு பேருக்கு ஒன்று, முழு ஆளுக்கு ஒன்று. முழு ஆளுக்குப் பின் டயரில் கூடுதலாக வேண்டும். பங்கில் இருக்கும் பையன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவைத்தான் அடிப்பார், எண்ணை நீங்கள் சொல்லுங்கள். காலையில் டயர் சூடாகும் முன் பிடிப்பதுதான் கணக்கு. நான்கு வழிச்சாலையில் ஓடி வந்த டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காத்தை இறக்கிவிடாதீர்கள்.

பின்னால் ஆள் நிறைந்தால் வண்டியின் மூக்கு கொஞ்சம் தூக்கும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். பாலக்கோடு ரோட்டில் இரவில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் டிம் பண்ணச் சொல்லி லைட்டைப் போட்டுப் போட்டுக் காட்டுவார்கள், நாம் டிம்மில்தான் போய்க்கொண்டிருப்போம். ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம் 0, 1, 2 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் இருக்கிறதா பாருங்கள். தனியாகப் போகும்போது 0. ஆள் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும். இதைத் தொட்டே பார்க்காமல் லைட் சரியில்லை என்று பல்பு மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

தொப்பூர் கணவாய் தனியாகப் பேச வேண்டியது. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது அது இறக்கம். ஏழு பேர் எடையோடு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறும், கருகல் வாடை வரும், மிதிக்க மிதிக்கப் பிடிப்பு குறையும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், மூன்றாவதோ அதற்கும் கீழேயோ. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் என்றால் லீவரை எல் (கீழ் கியர்) நிலைக்குத் தள்ளுங்கள், அல்லது மேனுவல் முறைக்கு மாற்றிக் கியரை இறக்குங்கள். வழக்கமாக ஓட்டும் டி-யிலேயே விட்டால் பல வண்டிகள் தாராளமாக ஓடவிடும். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்ற பேச்சே வேண்டாம். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் போகிற வண்டிகளை இடித்துத் தள்ளிய விபத்துகள் நம் எல்லோருக்கும் தெரியும். பின்கண்ணாடியையும் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். வாடை வந்தால் கணவாயைத் தாண்டி அகலமான இடத்தில் ஓரங்கட்டி ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சத்தம். புது வண்டிக்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். முதலில் சத்தமே இல்லாதபடி வண்டியைக் காலி செய்யுங்கள்: தண்ணீர் பாட்டில், சில்லறை, குடை, டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் எல்லாம் வெளியே. ஜாக்கி அதன் பட்டையில் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். பிறகு ஒருவர் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து, சத்தம் வரும்போது பிளாஸ்டிக் மேல் உள்ளங்கையை அழுத்துங்கள். அழுத்தியதும் நின்றால் இடம் கிடைத்துவிட்டது. கடைசி சீட்டை மடக்கி ஒரு ஓட்டம், நிமிர்த்தி ஒரு ஓட்டம்; வித்தியாசம் இருந்தால் சத்தம் சீட் லாக்கிலிருந்து. எந்த வேகத்தில், எந்த மாதிரி ரோட்டில் என்று குறித்து, போனில் பதிவும் செய்யுங்கள்.

என் வண்டியில் வலது பின்பக்கம் கட கட என்றது. சர்வீஸ் சென்டரில் ஒருவர் முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய்விட்டு, 'நார்மல்தான் மேடம்' என்று எழுதிவிட்டார். மறுமுறை அட்வைசரையே கடைசி வரிசையில் உட்கார வைத்து, பல்லாங்குழி மாதிரி இருக்கும் ஒரு ரோட்டில் நானே ஓட்டினேன். அவரே கையை நீட்டி, பெல்ட் வெளியே வரும் இடத்தில் மூடிக்குப் பின்னால் திருகு தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே புகாரை எழுதச் சொல்லுங்கள், ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி பேச்சு வரும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

பயப்பட வேண்டாதவை சில. வண்டி லேசாக இடது பக்கம் இழுப்பதாகத் தோன்றினால், தண்ணீர் வடிய ரோடே இடது ஓரம் சாய்வாக இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் பார்த்தும் இழுத்தால்தான் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பனிக்காலக் காலையில் முதல் ரெண்டு பிரேக்குக்கு வரும் கரகர சத்தம் டிஸ்க்கில் படிந்த லேசான துரு. சிக்னலில் இன்ஜின் தானே அணைவது பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு, பிடிக்கவில்லை என்றால் நிறுத்த ஒரு பட்டன் உண்டு. டீசல் எடுத்தவர்கள் மட்டும் கவனியுங்கள்: ஊருக்குள்ளேயே ஓட்டினால் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அதற்கான விளக்கு எரிந்தால் நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வர வேண்டும்.

நிலக்கடலை காயப்போடும் வீடுகளில் எலி பானட்டுக்குள் குடியேறும். ஒயரைக் கடித்தால் ஒரே நாளில் பத்து விளக்கு எரியும். புகையிலை வைப்பார்கள், வாடை போனதும் எலி திரும்பும். வண்டியைப் பல நாள் ஒரே இடத்தில் நிறுத்தாமல் இருப்பதும், வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து புழுக்கை, நார், உமி கிடக்கிறதா என்று பார்ப்பதும்தான் நம்பகம். வண்டிக்குள் நிப்பட்டு (தட்டை) தின்னும் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு.

சீட் கவர் போடும்போது, சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில் பிரியும்படி தைத்த கவர்தான் வேண்டும். ஓசூர், சேலம் என்று அடிக்கடி டோல் தாண்டுபவர்களுக்கு ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் லாபம். 2025 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது விலை 3,000 ரூபாய்; 200 முறை, அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அது. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளுக்கு மட்டும், சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும்.

சொந்த உபயோகம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏழு சீட் வண்டி வாசலில் நின்றால் தெருவே கேட்கும், 'டீசலைப் போட்டுத் தர்றோம், ஒரு நாள் குடுக்கா' என்று. உறவுக்கு நீங்களே ஓட்டிப் போய் வாருங்கள். காசு வாங்கிக்கொண்டு வெள்ளை போர்டு வண்டியை அனுப்பினால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். இதைச் சொன்னாலே பாதிப் பேர் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. எர்டிகா, இன்னோவா போன்ற வண்டிகளில் அது டிக்கிக்குள் இல்லை, வண்டிக்கு அடியில் தொங்குகிறது. நீளக் கம்பியைப் பின்னால் இருக்கும் துளையில் விட்டுத் திருகினால் சங்கிலியோடு கீழே இறங்கும். இதை ஒருமுறை வீட்டு வாசலில் இறக்கி ஏற்றிப் பழகுங்கள், அப்படியே அதில் காத்தும் பிடித்து வையுங்கள். அந்தக் கம்பி எந்த மூலையில் இருக்கிறது என்று ஓட்டத் தெரிந்த இன்னொருவருக்கும் காட்டிவிடுங்கள்.